கனிய மணலும் ஆக்கவுரிமையும்: திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் போர்க்கப்பல்களைப் பற்றியவை. பிரித்தானியக் கடற்படையின் தளம், 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சு, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் என்று அவ்வரலாறு விரியும். வல்லரசுகளின் கண் இத்துறைமுகத்தின்மீது பதிந்திருந்தது உண்மையே. எனினும், இப்பிரதேசத்தின் பொருளியல் வாழ்வை நோக்குபவர்க்கு வேறொரு வரலாறும் புலப்படும். அது மணலின் வரலாறு. திருகோணமலை நகருக்கு வடக்கே, குச்சவெளியைக் கடந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையில் உள்ள புல்மோட்டையின் கருமணல், ஆறு தசாப்தங்களாக வெளிநாடுகளுக்குச் சென்றுகொண்டிருக்கின்றது. அது மணலாகவே செல்கின்றது. வெண்பூச்சாகவும், கடதாசியின் வெண்மையாகவும், பிளாத்திக்காகவும், பற்பசையாகவும் நம்மிடம் மீண்டு வருகின்றது. போகும்போதுள்ள விலைக்கும் வரும்போதுள்ள விலைக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருளாகும்.

அத்தூரத்தை நிரப்புவது எது? உழைப்பு, மூலதனம் என்ற வழக்கமான விடைகள் சரியானவையே. ஆயினும் அவற்றோடு மூன்றாவதொன்றும் உண்டு. மணலை வெண்பொடியாக்கும் வழியை அறிந்த அறிவும், அவ்வறிவின்மீது சட்டம் வழங்கும் உரிமையும் அதுவாகும். ஆராய்ச்சிக்கூடத்தில் ஒருவர் கண்டறிந்த செய்முறை ஆக்கவுரிமையாகிப் பின்னர் தொழிலகமாவது எவ்வாறு, அதற்கு விஞ்ஞானிக்கு யார் எவ்வகையில் உதவலாம், அவ்வாறு உருவாகும் பயனில் பொதுமக்களுக்குரிய பங்கு யாது என்பவற்றை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். நமது பல்கலைக்கழகங்களில் இவ்விடயம் பேசப்படும்போது ஒரு சாரார் அதனை வணிகமென ஒதுக்குவர். மற்றொரு சாரார் அதனை மந்திரமெனப் போற்றுவர். இரண்டும் பொருந்தாதவை என்பது எமது கருத்து.

முதலில் மணலைப் பற்றி. புல்மோட்டைக் கரையின் கனிய மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற்று. எஞ்சியதில் உரூத்தைல், சேர்க்கன் ஆகியன கணிசமாகவும் மொனசைற்று சிறிதளவாகவும் உள்ளன. இத்துணைச் செறிவான படிவுகள் உலகில் அரியவை. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் புதிய மணலைக் கொண்டுவந்து கரையிற் சேர்ப்பதனால், தோண்டிய இடம் ஓரளவு மீள நிரம்புவதும் உண்டு. 1957இல் இலங்கைக் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1960களில் புல்மோட்டையில் இல்மனைற்றைப் பிரித்தெடுக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. உரூத்தைலையும் சேர்க்கனையும் பிரிக்கும் வேலை ஒரு காலத்தில் துறைமுகத்தின் ஓரத்திலேயே, சீனன்குடாவில், நடைபெற்றது. பின்னர் அதுவும் புல்மோட்டைக்கு மாற்றப்பட்டது. 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிட்டி என்ற கப்பல் தாக்கப்பட்டது. அதன்பின் ஏற்றுமதி நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. கூட்டுத்தாபனம் இன்று லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற பெயரில் அரசுடைமைக் கம்பனியாக உள்ளது.

காந்தத்தாலும் மின்புலத்தாலும் நீரோட்டத்தாலும் மணிகளை இனம்பிரிப்பதே இவ்வாலைகளின் வேலை. இது பிரித்தெடுத்தலேயன்றி மாற்றியமைத்தலன்று. இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. தூய இல்மனைற்றின் நிறையில் 52.6 வீதம் தைத்தேனியம் ஈரொட்சைட்டு, எஞ்சியது இரும்பொட்சைட்டு. கரிய மணி ஒவ்வொன்றிலும் பாதிக்கு மேல் வெண்மை அடைபட்டுக் கிடக்கின்றது எனலாம். இரும்பை அகற்றுவதெப்படி என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை கண்டவர்கள் ஆக்கவுரிமை பெற்றார்கள். விடை காணாத நாடுகள் மணலை ஏற்றி அனுப்பின.

இவ்விடத்தில் அவுஸ்திரேலியாவின் வரலாறு ஒன்றை விரிவாகக் கூறுதல் பொருந்தும். புல்மோட்டையைப் போன்றே மேற்கு அவுஸ்திரேலியாவின் கேப்பல் கரையிலும் இல்மனைற்று மணல் உண்டு. அங்கும் தொடக்கத்தில் மணலே ஏற்றுமதியாயிற்று. அம்மாநில அரசாங்கத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் பணிபுரிந்த பெக்கர் என்பவர் 1960களின் தொடக்கத்தில் ஒரு செய்முறையைக் கண்டறிந்தார். அதன் சாரம் வியப்பூட்டும் அளவுக்கு எளிமையானது. இல்மனைற்றை நிலக்கரியோடு சுழலும் சூளையில் இட்டு 1100 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமூட்டினால், மணியினுள்ளிருக்கும் இரும்பொட்சைட்டு உலோக இரும்பாக மாறுகின்றது. பின்னர் அம்மணிகளை அமோனியம் குளோரைட்டுச் சேர்த்த நீரிலிட்டுக் காற்றை ஊதினால் இரும்பு துருப்பிடிக்கின்றது. துரு மணியினுள் தங்காமல் வெளியே நீரிற் படிகின்றது. அதனைக் கழுவி அகற்றலாம். எஞ்சியதை ஐதான சல்பூரிக் அமிலத்தாற் கழுவினால் 90 வீதத்திற்கு மேல் தைத்தேனியம் ஈரொட்சைட்டைக் கொண்ட செயற்கை உரூத்தைல் கிடைக்கின்றது. நாம் வேண்டாவெறுப்பாய்க் காணும் துருப்பிடித்தலையே கருவியாக்கிய சாமர்த்தியம் இது. அம்மாநிலத்தின் கொலி என்னுமிடத்து நிலக்கரி மலிவானது. செய்முறையும் அந்நிலக்கரிக்கு ஏற்றதாக இருந்தது.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியவை சில உள. கண்டறிந்தவர் தனிவணிகர் அல்லர். அரசாங்கச் சம்பளம் பெற்ற இரசாயனவியலாளர். ஆக்கவுரிமை பெறப்பட்ட பின்னர் அப்பகுதியிலேயே மணல் அகழ்ந்துகொண்டிருந்த கம்பனி ஒன்று அதனைத் தொழில் அளவுக்கு வளர்த்தது. ஆய்வுகூடத்துக்கும் முதலாவது வணிக ஆலைக்கும் இடையில் பல ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் யாரோ ஒருவர் பணம் செலவிட்டார், யாரோ ஒருவர் பொறுமை காத்தார். ஆய்வுகூடம், மணல், நிலக்கரி, கம்பனி ஆகிய நான்கும் ஒரே பிரதேசத்தில் அமைந்திருந்தன. நமது நிலைமையில் மணல் புல்மோட்டையில் உள்ளது. அதனை ஆராயும் ஆய்வுகூடங்கள் பேராதனையிலும் மொறட்டுவையிலும் ஹோமாகமவிலும் உள்ளன. ஹோமாகமவுக்கும் புல்மோட்டைக்கும் இடையே 250 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். தூரம் மட்டுமே தடையென்று நாம் கூறவில்லை. ஆயினும் மணலோடு வாழும் மக்களும் மணலை ஆராயும் மக்களும் ஒருவரையொருவர் காணாத நிலை அதனால் ஏற்படுகின்றது.

நம்மவர் அறிவு பின்தங்கியது என்ற எண்ணத்திற்கு இங்கு இடமில்லை. இந்நாட்டின் கனியப்பொருள் ஆய்வைத் தொடக்கிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைவரலாற்றாசிரியராக உலகறிந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதற் பணிப்பாளராக விளங்கினார் என்பதை நமது மாணவர் பலர் அறியார். அக்காலத்திலேயே, 1904இல், சப்பிரகமுவவில் இருந்து கிடைத்த பாரமான கருங்கனியம் ஒன்று இலண்டனிலுள்ள இம்பீரியல் நிலையத்திற்கு அனுப்பப்பட்டது. அங்கு டன்ஸ்ரன் அதனைப் பகுத்து தோரியனைற்று எனப் பெயரிட்டார். அதே இலங்கைத் தோரியனைற்றை வைத்து இலண்டனில் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த இளைஞர் ஒட்டோ ஹான், 1905இல் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தார். பின்னாளில் அணுப்பிளவு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் அவரே. கனியம் இங்கிருந்து சென்றது. பகுப்பும் பெயரும் புகழும் அங்கு உண்டாயின. குடியேற்ற நாடுகளின் விஞ்ஞானத்துக்கு இதனை ஓர் உருவகமாகக் கொள்ளலாம். சுதந்திரத்தின் பின் 1955இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டமை இந்நிலையை மாற்றும் நோக்குடனேயே எனலாம். அதன் பணியை இன்று கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் தொடர்கின்றது.

இனி ஆக்கவுரிமை என்றால் என்னவென்று நோக்குவோம். இதுபற்றி நமது விஞ்ஞானிகளிடையே நிலவும் மயக்கங்கள் கொஞ்சமல்ல. ஆக்கவுரிமை என்பது பரிசன்று, பட்டமுமன்று. ஒருவர் தாம் புனைந்த செய்முறையை முழுமையாகவும் பிறர் செய்துபார்க்கக் கூடியதாகவும் உலகுக்கு வெளிப்படுத்துகின்றார்; அதற்கு மாற்றாக, 20 ஆண்டுகளுக்குப் பிறர் அதனைத் தமது அனுமதியின்றித் தொழிலிற் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு வழங்குகின்றது. 20 ஆண்டுகள் கழிந்தபின் அது பொதுச்சொத்து. ஆகவே அது ஓர் உடன்படிக்கை. செய்முறையை மறைத்துவைத்து உரிமையையும் கோருவதற்கு அதில் இடமில்லை. மறைக்க விரும்புபவர் வணிக இரகசியமாக வைத்திருக்கலாம். ஆனால் பிறரொருவர் தாமே அதனைக் கண்டறிந்தால் அவரைத் தடுக்க முடியாது.

இலங்கையில் இவ்வுரிமை பிரித்தானியர் காலத்து 1906ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்து வளர்ந்து, 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கக் கோவையாகி, இப்போது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தினால் ஆளப்படுகின்றது. புனைவு புதியதாக இருத்தல் வேண்டும். அத்துறையிற் தேர்ந்தவருக்கு எளிதிற் தோன்றாததாக இருத்தல் வேண்டும். தொழிலிற் பயன்படுத்தக்கூடியதாக இருத்தல் வேண்டும். இயற்கையில் உள்ளதைக் கண்டுபிடித்தமைக்கு உரிமை இல்லை. புல்மோட்டையில் இல்மனைற்று உண்டென்று கண்டவர் ஆக்கவுரிமை கோர முடியாது. அதிலிருந்து இரும்பை அகற்றப் புதிய வழி கண்டவர் கோரலாம்.

புதுமை என்ற இந்த நிபந்தனையே பல்கலைக்கழக ஆய்வாளரைப் பெரும்பாலும் வீழ்த்துவது. ஆய்வாளர் தமது முடிவை முதலில் சஞ்சிகையில் வெளியிடுகின்றார், மாநாட்டிற் படிக்கின்றார், அல்லது அவருடைய மாணவரின் ஆய்வேடு நூலகத்தில் வைக்கப்படுகின்றது. அக்கணத்திலேயே அது உலகறிந்ததாகிவிடுகின்றது. இலங்கைச் சட்டம் ஒரு சலுகை தருகின்றது: விண்ணப்பதாரரே செய்த வெளிப்படுத்தல், விண்ணப்பத்துக்கு முந்திய ஓராண்டுக்குள் நிகழ்ந்திருப்பின் அது புதுமையைக் கெடுக்காது. ஐக்கிய அமெரிக்காவிலும் இத்தகைய ஓராண்டு உண்டு. ஐரோப்பாவில் அத்தகைய பொதுச் சலுகை இல்லை. ஆகவே கட்டுரை வெளியான மறுநாள், ஐரோப்பியச் சந்தை அவ்வாய்வாளருக்கு அடைபட்டுவிடுகின்றது. இதனைக் கூறியவுடன், அப்படியாயின் வெளியிடாமலே இருப்பதா என்று நம் நண்பர் சிலர் சினங்கொள்வர். இல்லை. விண்ணப்பத்தை முதலிற் பதிவுசெய்துவிட்டு மறுவாரமே கட்டுரையை அனுப்பலாம். வேண்டப்படுவது வரிசை மாற்றமேயன்றி மௌனமன்று.

ஆக்கவுரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது என்பது இரண்டாவது மயக்கத்துக்கு விடை. கொழும்பிற் பெற்ற உரிமை யப்பானிலோ சீனாவிலோ செல்லாது. முதல் விண்ணப்பத்தின் திகதியிலிருந்து 12 மாதங்களுக்குள் பிறநாடுகளிலும் விண்ணப்பித்தால் முதற் திகதியே கணக்கிற் கொள்ளப்படும். 1982 முதல் இலங்கை உறுப்புரிமை பெற்றுள்ள ஆக்கவுரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின்கீழ் ஒரே சர்வதேச விண்ணப்பத்தைச் செய்து, எந்தெந்த நாடுகளில் தொடர்வது என்ற முடிவைப் பெரும்பாலும் 30 மாதங்கள் வரை ஒத்திவைக்கலாம். அந்த முப்பது மாதங்களே மிகப் பெறுமதி வாய்ந்தவை. ஒவ்வொரு நாட்டிலும் சட்டத்தரணிக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆண்டுக் கட்டணத்துக்கும் பெருந்தொகை வேண்டும். அத்தொகையைத் தரக்கூடிய பங்காளியைத் தேடிக்கொள்வதற்கு உரிய காலம் அது. தேடாது விட்டால் விண்ணப்பம் காலாவதியாகும். செய்முறை மட்டும் 18ஆம் மாதத்திலேயே உலகுக்கு வெளியிடப்பட்டிருக்கும். இலவசமாக உலகுக்கு அளித்த கொடையாக அது முடியும்.

இக்காரணங்களாலேயே விஞ்ஞானிக்கு உதவியாளர் தேவைப்படுகின்றார். அவ்வுதவியாளர் செய்வது என்ன? ஆய்வாளரோடு அமர்ந்து, அவர் செய்ததில் எது புதியது எனக் கேட்டறிதல், உலகின் ஆக்கவுரிமை ஆவணங்களைத் தேடி அது முன்னரே உள்ளதா எனப் பார்த்தல், உரிமைக்கோரிக்கைகளை எழுதுவித்தல், எந்தத் தொழிலகம் இதனை விரும்பும் எனக் கண்டறிதல், உரிமம் வழங்குவதா, புதிய கம்பனி தொடங்குவதா என ஆலோசித்தல். இவற்றுள் உரிமைக்கோரிக்கை எழுதுதல் ஒரு தனிக்கலை. பெக்கருடைய முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அமோனியம் குளோரைட்டுக் கரைசல் என்று மட்டும் கோரினால், போட்டியாளர் வேறொரு உப்பைப் பயன்படுத்தித் தப்பிவிடுவார். எந்தக் கரைசலும் என்று கோரினால், அது மிகையான கோரிக்கை எனப் பரிசோதகர் தள்ளிவிடுவார். இவ்விரண்டுக்கும் இடையில் வரம்பு கட்டுவது வயல்வரம்பு கட்டுவது போன்றது. அதற்கு இரசாயனமும் தெரிந்திருக்க வேண்டும், சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

உலகில் இத்தகைய உதவியமைப்புகளின் வரலாறு நீண்டது. 1925இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஒரு நிதியம் அமைந்தது. புறஊதாக் கதிரினால் உணவில் விற்றமின் டீயை உண்டாக்கும் ஸ்ரீன்பொக்கின் புனைவே அதன் அடித்தளம். அதன் வருவாய் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கே திரும்பியது. எனினும் அதே நிதியம் ஏழைகளின் உணவான மாஜரீனுக்கு உரிமம் வழங்க மறுத்து, அம்மாநிலப் பாற்பண்ணையாளரின் நலனைக் காத்தது என்பதையும் மறைத்தல் கூடாது. 1980இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, அரச நிதியால் விளைந்த புனைவுகளைப் பல்கலைக்கழகங்களே உடைமையாக்கிக்கொள்ள இடமளித்தது. அதன்பின் அங்கு பல்கலைக்கழகந்தோறும் உரிம அலுவலகங்கள் பெருகின. இந்தியா இதற்கு வெகு முன்னரே, 1953இல், தேசிய ஆராய்ச்சி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தை நிறுவியிருந்தது. அண்மைக்காலத்தில், 2010 முதல், சென்னை இந்தியத் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுப் பூங்கா, ஆய்வாளரையும் கம்பனிகளையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்த்திருக்கின்றது.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் கேரளத்தில் உள்ளது. கொல்லத்துக்கு அண்மையில் சவறாக் கரையின் மணல் புல்மோட்டை மணலின் உறவினம். அங்கு கேரள அரசுக்குச் சொந்தமான நிறுவனம் 1980களில் குளோரைட்டு முறையினால் தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர், ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிக்கூடம் வளர்த்தெடுத்த தொழினுட்பத்தைக்கொண்டு, ஆண்டுக்கு 500 தொன் தைத்தேனியப் பஞ்சுலோகம் உற்பத்தி செய்யும் ஆலை 2011இல் அங்கு திறக்கப்பட்டது. அதற்கு நிதியளித்தது இந்திய விண்வெளித்துறை. பஞ்சுலோகம் செய்யும் அடிப்படைமுறை குரோல் என்ற லக்சம்பேர்க் நாட்டவருடையது. அவர் அதற்கு 1940இல் அமெரிக்க ஆக்கவுரிமை பெற்றார். ஹைதராபாத் ஆய்வாளர் ஆலை அமைக்கும் காலத்தில் அவ்வுரிமை காலாவதியாகிப் பல தசாப்தங்கள் சென்றுவிட்டன. அப்படியிருந்தும் ஏன் நெடுங்காலம் ஆராய வேண்டியிருந்தது? ஆக்கவுரிமை ஆவணத்தில் எழுதப்பட்டது வேறு, கைப்பட்டறிந்த தொழினுட்பம் வேறு. காலாவதியான உரிமைகளைப் படித்துவிட்டால் ஆலை கட்டிவிடலாம் என்போர்க்கும், உரிமை வாங்கிவிட்டால் எல்லாம் கைகூடும் என்போர்க்கும் இது ஒருங்கே விடையாகும்.

இலங்கையிலே இத்துறையில் நடந்த பெரிய முயற்சி, 2008இல் அரசும் தனியார் கம்பனிகள் சிலவும் கூட்டாக நிறுவிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகமாகும். இல்மனைற்றின் பெறுமதியை உயர்த்துவதும் அதன் ஆய்வுப்பொருள்களுள் ஒன்று. அங்குள்ள விஞ்ஞானிகள், யூரியாவை ஐதரொக்சியப்பற்றைற்று நனோத் துணிக்கைகளுடன் பிணைத்து, நைதரசனை மெல்ல மெல்ல வெளிவிடும் உரத்தை உருவாக்கினர். அவ்வாய்வு 2017இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகையொன்றில் வெளியாகி உலக கவனம் பெற்றது. அதன் ஆக்கவுரிமையோ அதற்கு முன்னரே இந்தியாவின் நாகார்ஜுனா உரக் கம்பனியிடம் சென்றிருந்தது. வரிசை சரியாகவே இருந்தது: முதலில் உரிமை, பின்னர் கட்டுரை. ஆயினும் உரத்தைத் தொழிலளவில் உற்பத்தி செய்யும் ஆலை இங்கு எழவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, இந்நாடு இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவத்தை விமானமூலம் தருவித்தது. அத்திரவம் வேறொரு தொழினுட்பத்தின் விளைவு. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஆனால், நனோ உரத்தில் முன்னோடியான ஆய்வைச் செய்த நாடு நனோ உரத்தை இறக்குமதி செய்தது என்பது எவ்வகையிலும் சிந்திக்கற்பாலது. அதே நிறுவகம் 2018இல் தனியார் குழுமம் ஒன்றுடன் சேர்ந்து, இலங்கைக் காரீயத்திலிருந்து கிராபீன் தயாரிக்கும் கம்பனியைத் தொடங்கியமை இவ்வனுபவத்தின் பின் எடுத்த மாற்று வழி எனலாம். உரிமையை விற்றுவிடாமல், பங்காளியாகி உள்ளூரிலேயே செய்துபார்க்கும் வழி அது.

உரிமையை விற்பதா, உரிமம் கொடுப்பதா, கம்பனி தொடங்குவதா என்ற தெரிவு, பொருளின் தன்மையைப் பொறுத்தது. மருத்துவச் சோதனைக் கருவி, மென்பொருள் போன்றவற்றுக்குச் சிறு மூலதனத்தோடு இளம்பட்டதாரிகள் நால்வர் கம்பனி தொடங்கலாம். இல்மனைற்று அத்தகையதன்று. ஆய்வுகூடக் குடுவையில் ஐம்பது கிராம் வெண்பொடி செய்வதற்கும், நாளொன்றுக்கு ஐம்பது தொன் செய்வதற்கும் இடையில் மாதிரி ஆலை என்ற படி உண்டு. அதில் அமிலம் எவ்வளவு செலவாகும், குழாய் எத்தனை மாதத்தில் அரித்துப்போகும், கழிவு எங்கே போகும் என்பன தெரியவரும். அப்படியைக் கட்டும் பணத்தை வங்கி தராது, ஏனெனில் இலாபம் தெரியாது. ஆராய்ச்சி மானியமும் தராது, ஏனெனில் அது ஆராய்ச்சியன்று. நமது கண்டுபிடிப்புகளுட் பல மடிந்தொழிவது இப்படியிலேயே. ஆக்கவுரிமைச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியதோடு முடிந்த புனைவுகளை எந்தப் பீடத்திலும் காணலாம்.

அந்த மாதிரி ஆலைக்குத் திருகோணமலையே உரிய இடம் என்பது எமது வாதம். ஆழ்கடற் துறைமுகம், மாவாலையும் சீமெந்தாலையும் 1980களில் இங்கு வந்தமைக்குக் காரணமாயிற்று. இரண்டும் பெருந்தொகையான மூலப்பொருளைக் கப்பலில் இறக்குபவை. கந்தகமோ அமிலமோ நிலக்கரியோ இறக்குவதற்கும் அதே வசதி உண்டு. குளோரைட்டு முறைக்கு வேண்டிய குளோரீனைப் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து ஒரு காலத்தில் தயாரித்தது. போர் அதனைப் பாழாக்கியது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உண்டு. மணல் வடக்கே அதே கரையில் கிடைக்கின்றது.

இவ்வாதத்துக்கு எதிரான வலுவான நியாயம் ஒன்று உண்டு, அதனை நாம் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சல்பேற்று முறையில் ஒரு தொன் வெண்பொடிக்குப் பல தொன் அமிலக் கழிவும் இரும்புச் சல்பேற்றும் எஞ்சும். 1972இல் இத்தாலியின் ஸ்கார்லினோ ஆலை தன் செங்கழிவைக் கோர்சிக்காத் தீவுக்கு அப்பால் கடலிற் கொட்டத் தொடங்கியபோது மீனவர் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டில் கழிவுக் கப்பலொன்று குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் வேளிக் கடற்கரையின் அமிலக் கழிவு பல ஆண்டுகளாகப் பிரச்சினையாக இருந்தது. கொட்டியாரக் குடாவிலும் குச்சவெளிக் கரையிலும் கரைவலை இழுப்பவர்க்கு, வெண்பொடி ஆலை வந்தால் நாட்டின் அந்நியச் செலாவணி கூடும் என்ற செய்தி என்ன ஆறுதலைத் தரும்? மணல் அகழ்வினால் பாடும் காணியும் இழப்பது அவர்களே. ஆகவே, எத்தகைய செய்முறைக்கு ஆக்கவுரிமை தேடப்பட வேண்டும் என்ற கேள்வியே மாறுகின்றது. அமிலத்தை மீட்டு மீளப் பயன்படுத்தும் முறை, இரும்பையும் விற்பனைப் பொருளாக்கும் முறை, நீர் குறைந்த முறை ஆகியவற்றைக் கண்டறிதல் இன்று உலகச் சந்தையிலும் உரிமை பெறத்தக்கது. இவ்விடத்தில் மீனவரின் நலனும் விஞ்ஞானியின் புதுமையும் முரண்படவில்லை.

உடைமை பற்றிய கேள்வியும் முற்போக்காளர் விலக்கமுடியாதது. இலங்கைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடின், தொழில் ஒப்பந்தத்தின் கடமையாகச் செய்த புனைவு தொழில்தருநருக்கே உரியது. புனைவின் பொருளாதாரப் பெறுமதி இருசாராரும் நியாயமாக எதிர்பார்த்திருக்கக்கூடியதிலும் மிக அதிகமாயின், புனைந்தவர் நீதியான ஊதியத்தை நீதிமன்றம் மூலம் கோரலாம். இந்த ஏற்பாட்டைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எத்தனைபேர் அறிவர்? தொழில்தருநர் பல்கலைக்கழகம் என்பதையும், பல்கலைக்கழகத்தின் செலவை ஏற்பவர் பொதுமக்கள் என்பதையும் இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஆய்வுக்கான நிதி வரிப்பணம், மணல் அரசுடைமை. ஆனால் உரிமம் ஒரு தனியாருக்கு முழுதாகவும் நிபந்தனையின்றியும் போகுமாயின், மக்கள் ஒரே பொருளுக்கு இருமுறை விலை கொடுத்தவராவர். இதற்குத் தீர்வு ஆக்கவுரிமையை வெறுப்பதன்று. உரிம ஒப்பந்தத்தை எழுதுவது. குறித்த ஆண்டுகளுக்குள் உற்பத்தி தொடங்காவிடின் உரிமை பல்கலைக்கழகத்துக்கே மீளும் என்ற வாசகம், மாதிரி ஆலை இம்மாவட்டத்திலேயே அமைய வேண்டும் என்ற வாசகம், விற்பனை வருவாயில் ஒரு வீதம் அகழ்வுப் பிரதேசத்து மக்களுக்குச் சேரவேண்டும் என்ற வாசகம் ஆகியன உரிம ஒப்பந்தத்தில் இடம்பெறத்தக்கவை. இவற்றைக் கேட்டுப் பெறும் வலு பேரம்பேசுபவரிடம் உரிமை இருக்கும்வரைதான் உண்டு. உரிமையை முற்றாக விற்றுவிட்டவரிடம் பேசுவதற்கு ஒன்றும் எஞ்சாது.

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டப்படிப்பும் நடைபெறுவதால் ஒரு வார்த்தை. மூலிகை அறிவின் நிலைமை மணலின் நிலைமைக்கு நேர்மாறானது. மணலில் புதியதைக் காத்துக்கொள்ள வேண்டும். மூலிகையில் பழையதைப் பிறர் புதியதெனக் கோராதபடி தடுக்க வேண்டும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்திய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றுகாட்டி 1997இல் அதனை நீக்குவித்தது. வேப்பெண்ணெய் தொடர்பான ஐரோப்பிய உரிமை 2000இல் நீக்கப்பட்டு, மேன்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது. எந்தப் பாட்டியும் அறிந்த செய்தியை ஏட்டிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டியதாயிற்று. வாய்மொழி வழக்கு அயல்நாட்டுப் பரிசோதகரின் மேசைக்கு எட்டுவதில்லை. கிழக்கிலங்கை வைத்தியப் பரம்பரைகளிடமுள்ள ஏடுகளைத் திகதியிட்டுப் பட்டியலிடும் பணி, ஆகவே, இலக்கிய ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ்ச் சங்கங்கள் நேரடியாகக் கைவைக்கக்கூடிய வேலையும் இதுவே.

பல்கலைக்கழகங்களில் கடந்த தசாப்தத்தில் கைத்தொழிற் தொடர்புப் பிரிவுகள் தோன்றியுள்ளன. அவற்றின் வெற்றியை விண்ணப்ப எண்ணிக்கையால் அளக்கும் போக்கு காணப்படுகின்றது. எண்ணிக்கை கூடுவது எளிது, எவரும் பயன்படுத்தாத உரிமைகளை ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வைத்திருப்பதும் எளிதே. அவற்றிடம் நாம் எதிர்பார்ப்பது சிறிய காரியம். இரசாயனவியற் துறையிலோ பௌதிகவியற் துறையிலோ முதுமாணி ஆய்வேடு ஒன்று கையளிக்கப்படும் நாளில், அது நூலகத் தட்டுக்குப் போகுமுன், இதில் தொழிலுக்குரிய புதுமை ஏதும் உண்டா என்று மாணவரையும் மேற்பார்வையாளரையும் ஒரு மணிநேரம் அமர்த்திக் கேட்டல் வேண்டும். உண்டெனில், ஆய்வேட்டைச் சில வாரங்கள் மூடிய உறையில் வைத்து விண்ணப்பத்தைப் பதிவுசெய்யலாம். ஏற்கனவே தட்டுக்குப் போய்விட்ட ஆய்வேடுகளுக்கு ஓராண்டுக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கின்றது. சென்ற பன்னிரண்டு மாதங்களில் நூலகத்திற் சேர்ந்தவற்றின் பட்டியலை எடுத்து, அவற்றிலிருந்து தொடங்கலாம்.